கழுத்தில் வெள்ளை வளையம்

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. தோட்டா இல்லாத துப்பாக்கியை இடது தோளுக்குத் தூக்கி, கன்னத்தை அதன் மரக்கட்டையில் பதித்து, அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தின் பன்னிரண்டைக் குறிபார்த்து இறக்குகிறாள் பெர்னடீன் யுர்கானிஸ். காலை ஐந்தரை மணி. காபி பொங்கி அடுப்பில் வழிகிறது. வழியட்டும், ஐம்பது முடியாமல் அவள் நகரமாட்டாள். நாற்பத்து மூன்றாவது தடவை கட்டை சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது. அதைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி நாற்பத்து மூன்று என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் கை மாற்றிப் பழகுவது என்றால் சும்மா இல்லை. போன வருடம் வரைக்கும் அவள் வலது தோள்காரி. இப்போது பல் தேய்ப்பது, முட்டைக்கோசு நறுக்குவது, சூப் கிண்டுவது எல்லாம் இடது கையால்தான். வீட்டுக்குள் வலது கண்ணுக்குக் கறுப்புத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்வாள். தபால்காரர் பார்த்துப் பயந்துபோனார். கோயிலில் சிலுவை போடும்போது மட்டும் வலது கை. ஏன் என்று கேட்டால், "சாமியார் பாத்துக்கிட்டே இருக்காரு, வேற என்ன செய்ய?" என்பாள்.

வலது கண்ணின் நடுவில் ஒரு கறை. மை தொட்ட கட்டைவிரலை யாரோ அழுத்தி எடுத்ததுபோல இருக்கிறது என்று அவளே சொல்வாள். ஓரமெல்லாம் தெரியும், எதைப் பார்க்க நினைக்கிறாளோ அது மட்டும் தெரியாது. வலது தோளில் துப்பாக்கி வைத்தால் குறிபார்ப்பது அந்தக் கண்தான். கண்ணுக்குள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது போனதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றைக்கு மாலையே பள்ளிப் பேருந்தின் சாவியைக் கொண்டுபோய் அலுவலக மேசையில் வைத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே வைத்தாள். சொந்தக் காரையும் அதோடு விட்டுவிட்டாள். துப்பாக்கியை மட்டும் விடவில்லை.

"பஸ்ல நாப்பது புள்ளைங்க. காட்டுல நானும் கோழியும்தான்" என்பது அவள் வாதம்.

"நானும் இருக்கேன் தாயே" என்பான் ஸ்டஷ்.

ஸ்டஷ் மாட்டுலெவிச் அடுத்த தெருக்காரன். குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அவளைவிட இரண்டு வயது மூத்தவன். முப்பத்தொரு வருடமாக இருவரும் சேர்ந்து ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டைக்குப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் 'கூட்டாளி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சுரங்கத்தில் ஒரே முகப்பில் கரி வெட்டிய இரண்டு பேர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்ட ஊர் இது. சுரங்கம் மூடி இரண்டு தலைமுறை ஆயிற்று, அந்த வார்த்தையை மட்டும் யாரும் மூடவில்லை. ஸ்டஷின் வலது காது மடலுக்குள் ஒரு ஈயக்குண்டு இருக்கிறது. தொட்டால் கடுகு மாதிரி உருளும். இருபது வருடத்துக்கு முன்னால் பக்கத்து வயலில் நின்ற ஒரு மனிதன், ஏதோ அசைந்தது என்று சுட்டான். அசைந்தது ஸ்டஷ்.

பெர்னடீனுக்குத் தையல்தான் முதல் தொழில். ஊரில் சட்டைத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் காலர் தைத்தவள். அது மூடிய பிறகுதான் பேருந்துக்குப் போனாள். இன்றைக்கும் இந்த வட்டாரத்து வேட்டைக்காரர்கள் முள்ளில் கிழித்துக்கொண்டு வரும், தூரத்திலும் ஆள் தெரிவதற்கான ஆரஞ்சு மேல்சட்டைகளெல்லாம் அவள் சமையலறைக்குத்தான் வருகின்றன. கையில் கிடைத்த நூலால் தைத்துக் கொடுத்துவிடுவாள். பச்சை நூல், ஊதா நூல், என்ன இருக்கிறதோ அது. காட்டில் தூரத்தில் ஒருவனைப் பார்த்து, "அந்த நீலத் தையல் டோனி, அது கிழிஞ்சது பீர் குடிச்சிட்டு வேலி தாண்டினப்போ" என்று அடையாளம் சொல்வாள். அதெல்லாம் கண் நன்றாக இருந்தபோது.

அவர்கள் போகும் இடம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசு வேட்டை நிலம். ஒரு காலத்தில் கரிக்காக மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போன பூமி. இப்போது நடுநடுவே சோளம் விதைத்து, பட்டை பட்டையாக விட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை பண்ணையிலிருந்து லாரி வரும், கூண்டைத் திறந்து, வேட்டைக்கென்றே வளர்த்த கோழிகளை விடும். உரிமச் சீட்டு வைத்திருக்கும் யாரும் சுடலாம், ஆளுக்கு நாளைக்கு இரண்டு. இந்த நிலத்தில் சேவல் மட்டும்தான், பெட்டையைத் தொடக்கூடாது. லாரி எந்த வளைவில் நிற்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே நான்கைந்து வண்டிகளில் வருகிற கூட்டம் ஒன்று உண்டு. பெர்னடீன் அவர்களை 'லாரி வால்' என்பாள்.

"கூண்டு மூடி சாத்தற சத்தம் அடங்கறதுக்குள்ள டுமீல்னு சுடறான். அதுக்குக் கடையில போய் உரிச்ச கோழியவே வாங்கியாரலாமே. காலாவது நனையாம இருக்கும்."

அவள் போவது லாரி வந்து மூன்றாம் நாள். முதல் நாள் துப்பாக்கிக்கும் ராத்திரி நரிக்கும் பருந்துக்கும் தப்பித்த கோழிகள் அப்போது சோளத்துக்குள் கிடக்கும். 'மூணு நாள் படிச்ச கோழி' என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். படித்த கோழி லேசில் பறக்காது, ஓடும். நாய் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. இவர்களிடம் நாய் இல்லை. அதனால் இரண்டு பேரும் சோளப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் ஒரே வரிசையில் நடக்கவேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் கோழி அந்த இடைவெளி வழியாக ஓடிவிடும். முந்துகிற ஆள் சுடுகிற திசைக்குள்ளும் வந்துவிடுவார்.

இருபது அடி நடந்து சட்டென்று நின்றுவிடுவாள். ஓசை வந்துகொண்டிருக்கும்வரை கோழி பதுங்கியிருக்கும், ஓசை நின்றால் அதற்குப் பொறுக்காது. எவ்வளவு நேரம் நிற்பது என்பதற்கு அவளிடம் ஓர் அளவு இருக்கிறது: ஓர் 'அருள் நிறைந்த மரியே'. தாத்தா கொண்டுவந்த லிதுவேனிய மொழியில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு ஜெபம்தான். முணுமுணுத்துக்கொண்டே நிற்பாள். "பாவிகளா இருக்கிற எங்களுக்காகன்னு வர்ற இடத்துலதான் முக்காவாசி கோழி எழும்பும். அதுங்களுக்கும் மனசாட்சி இருக்கு" என்பாள்.

எழும்பினால் உடனே சுட்டுவிடக்கூடாது. சேவல் என்றால் கழுத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல வெள்ளை வளையம் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போகவேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அவள் ஒரு பெட்டையைச் சுட்டதில்லை. ஸ்டஷ் மூன்று சுட்டிருக்கிறான் என்பதை அவன் எதிரிலேயே, அவன் பெண்சாதி எதிரிலேயே சொல்வாள்.

இந்த வருடம் ஸ்டஷ் அவளோடு வரிசையில் நடக்கவில்லை. பத்தடி பின்னால், அவள் முதுகுக்கு நேராக நடந்தான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாமல் சீசனின் முதல் நாளே அப்படி வந்து நின்றுகொண்டான். அவளுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"என்ன கூட்டாளி, போலீஸ்காரனாட்டம் பின்னாடியே வர்றே? முதுகுல உன் மூச்சு படுது."

"நீ இடது கையில சுட்டு நான் பாத்ததில்லையே."

"வரிசையில நின்னாத்தானே கோழி எழும்பும்? அந்த ஓரத்துல ஆள் இல்லாம எல்லாம் ஓடிப்போயிடுது."

"ஓடட்டும். என் இன்னொரு காது நல்லாத்தான் இருக்கு, அப்படியே இருக்கட்டும்." அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தான். "ஒண்ணு சொல்றேன் பெர்னி, கோவிச்சுக்காத. சீசன் முடியறதுக்குள்ள ஒரு சேவல், ஒரே ஒரு சேவல். பாத்து, நிதானமா, சுத்தமா அடிச்சுக் காட்டு. வரிசைக்கு வந்துடறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் என் வண்டியில உனக்கு இடம் கிடையாது. உன்னக் கூட்டியாந்து எவனையாவது நீ சுட்டுட்டா, அதைத் தூக்கிச் சுமக்க என்னால ஆகாது."

அவன் வண்டி இல்லாமல் மலைக்கு அந்தப் பக்கம் போக அவளுக்கு வேறு வழியில்லை. அவன் கேட்டதில் தப்பும் இல்லை. அதுதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். எழும்பிய சேவல் பதினொன்று. அவள் சுட்டது ஏழு தடவை, விழுந்தது ஒன்றுமில்லை. மழையில் போனாள், காய்ச்சலோடு போனாள். லாரி வால் கூட்டத்தில் ஒருவன் இரண்டு சேவலைத் தூக்கிக் காட்டி, "பெர்னி, வேணும்னா ஒண்ணு எடுத்துக்கோயேன்" என்றான். "கிழிஞ்ச சட்டையத் தூக்கிட்டு என் வீட்டுப் பக்கம் வருவே இல்ல, அப்பப் பேசிக்கறேன்" என்றாள்.

கடைசி நாள் வந்தது. மதியத்துக்குச் சற்று முன்னால், இரண்டாவது சோளப் பட்டையின் முனையில் நின்று ஜெபத்தைத் தொடங்கினாள். பாதி தாண்டியிருக்காது, அவள் காலடியிலிருந்து ஒன்று விருட்டென்று எழும்பித் தெற்கே போனது. கட்டை தோளில் உட்கார்ந்தது, கன்னம் கட்டையில் உட்கார்ந்தது, ஒரே வெடி. கோழி காற்றிலேயே சுருண்டு தொப்பென்று விழுந்தது.

"அடிச்சுட்டேன்! ஸ்டஷ், அடிச்சுட்டேன்டா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். அறுபத்தெட்டு வயதுக்காரி அப்படி ஓடக்கூடாது. ஸ்டஷும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான், அவன் முகமெல்லாம் சிரிப்பு.

இருவரும் புல்லை விலக்கிப் பார்த்தார்கள். மண் நிறம். புள்ளி புள்ளியான சிறகு. கழுத்தில் ஒன்றுமே இல்லை.

ஸ்டஷ் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். காட்டுரோஜா முள்ளும் வெயிலும் தவிர யாருமில்லை. "முள்ளுக்குள்ள தள்ளி விடு. பொழுது சாயறதுக்குள்ள நரி கொண்டுபோயிடும்" என்றான் தாழ்ந்த குரலில். "நானே மூணு தடவை செஞ்சிருக்கேன். உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"போன் பண்ணினா வேட்டை இலாகா வார்டன் வந்து சேரவே ரெண்டு மணி நேரமாகும். இன்னிக்குத்தான் கடைசி நாள். உன் நேரம் போகுது, பாத்துக்கோ."

அவள் பெட்டையை எடுத்து, கலைந்திருந்த இறகை விரலால் தடவி ஒழுங்குபடுத்தினாள். பிறகு உரிமச் சீட்டின் பின்னால், தவறிச் சுட்டால் தெரிவிக்கவென்று அச்சடித்திருந்த எண்ணைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்து, போன் பண்ணினாள்.

வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் பெட்டையை எல்லோருக்கும் தெரியும்படி கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டஷ் ரொட்டியும் பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையும் எடுத்து நீட்டினான். அவளுக்கு இறங்கவில்லை. லாரி வால்கள் மூன்று பேர் வீட்டுக்குக் கிளம்பி அந்தப் பக்கமாக வந்தார்கள்.

"அட, இது பெட்டையில்ல?" என்றான் ஒருவன். "யாரு வேலை? ஸ்டஷா?"

ஸ்டஷ் வாயைத் திறப்பதற்குள், "நான்தான்" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

வார்டன் ரைக்கர்ட் இரண்டரை மணிக்கு வந்தார். நல்ல மனிதர். கோழியைப் புரட்டிப் பார்த்து, எழுதும் பலகையை எடுத்துக்கொண்டே, "வெயில் எதிர்ல இருந்திருக்கும். கண் கூசியிருக்கும், அப்படித்தானே?" என்று அவளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார்.

"வெயில் எதிர்லதான் இருந்துச்சு" என்றாள் பெர்னடீன். "ஆனா கூசலைங்க. நான் பாக்கவே இல்ல. எனக்கு ஒரு கோழி வேணும்னு இருந்துச்சு, அது எழும்பிச்சு, சுட்டுட்டேன். வெயில் மேல எழுதாதீங்க."

ஸ்டஷ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதில் குண்டைப் போட்டவன், கடைசிவரை வெயிலைத்தான் காரணம் சொன்னான்.

அபராதச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். வார்டன் பெட்டையைப் பையில் போட்டுக் கட்டினார். "மீதி நேரம் நான் வேட்டையாடலாமா, இல்ல அதுவும் போச்சா?" என்று கேட்டாள். இன்றைக்குச் சூரியன் மறையும்வரை அவள் உரிமம் அவளுடையதுதான் என்றார் அவர். மறையும் நேரத்தையும் சொன்னார், நாலு முப்பத்தாறு.

திரும்ப உள்ளே போனார்கள். அவள் முன்னால், ஸ்டஷ் பத்தடி பின்னால். வயிற்றில் ஒன்றுமில்லாமல், முட்டியில் வலியோடு, மூன்று பட்டைகளை மேலும் கீழுமாக உழுதாள். வீட்டுக்குப் போகலாமா என்று ஸ்டஷ் ஒருதரம் கேட்டான். அவள் காதில் வாங்கவில்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தால் இருக்கிற ஒரு கண்ணும் மங்கிவிடும் என்று நின்று, மூக்கைச் சிந்திவிட்டு நடந்தாள்.

நாலே காலுக்குக் கரிக்கழிவு மேட்டின் அடியில் நின்றபோது, முப்பதடி முன்னால் அது எழும்பியது. மேற்கே, இறங்குகிற வெளிச்சத்துக்கு நேராக.

"சேவல்!" பின்னாலிருந்து ஸ்டஷ் அலறினான். "சேவல், சேவல்! அடி பெர்னி!"

துப்பாக்கி தோளுக்குப் போய்விட்டது. கன்னம் பதிந்துவிட்டது. குழல் அதைத் தொட்டு, அதோடு கூடவே நகர்ந்தது. காலையில் ஐம்பது ஐம்பதாகப் பழகியது வீண்போகவில்லை, இதைவிடச் சரியாக அவள் வலது தோளில்கூடப் பிடித்ததில்லை. ஸ்டஷ் கத்திக்கொண்டே இருந்தான். கோழி உயர்ந்து, சிறுத்து, மேட்டைத் தாண்டியது. தாண்டும்போது சேவலுக்கே உரிய அந்தக் கரகரத்த கொக்கரிப்பைப் போட்டுவிட்டுப் போனது.

அவள் துப்பாக்கியை இறக்கினாள்.

ஸ்டஷ் மூச்சிரைக்க வந்தான். "சேவல்னு கத்தினேனே! காதுல விழலியா?"

"விழுந்துச்சு."

"பின்ன ஏன் அடிக்கல? கைக்குள்ள இருந்துச்சே! அதோட முடிஞ்சிருக்குமே!"

"நீ பாத்தே. நான் பாக்கல." குழலை மடக்கித் திறந்து இரண்டு தோட்டாவையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். "கறுப்பா ஒண்ணு போச்சு. கழுத்து எனக்குத் தெரியல. உன் கண்ணால நான் எப்படிச் சுடறது?"

"அதுதான் கடைசிக் கோழின்னா?"

"கடைசின்னா கடைசி." என்றாள். "அடுத்த வருஷம் நீ வண்டியில ஏத்தலேன்னா, நடந்தே வருவேன். மலைதானே, ஏறினா இறங்கிடும்."

ஸ்டஷ் கடிகாரத்தைப் பார்த்தான். சூரியன் மறைய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம், யாரும் மிதிக்காத கடைசிச் சோளப் பட்டை ஒன்று மிச்சம் இருந்தது. பிறகு அவளைத் தாண்டி நடந்தான். பட்டையின் இந்த ஓரத்தை அவளுக்கு விட்டுவிட்டு, முனையைச் சுற்றிக்கொண்டு அந்த ஓரத்துக்குப் போனான். அவளுக்கு வலது பக்கம், கறை விழுந்த கண்ணின் பக்கம். நாற்பதடி தள்ளி, அவளுக்குச் சரிநேராக, ஒரு அடி முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் நின்றான்.

"என்ன கூட்டாளி, போலாமா?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தான்.

தோட்டாக்களைத் திரும்பப் போட்டுக் குழலை மூடினாள். அவன் குரல் வந்த திசை தெரிந்தது, அது அவளுக்குப் போதவில்லை. நின்ற இடத்திலிருந்தே தலையை முழுவதுமாக வலப்பக்கம் திருப்பி, சோளத் தட்டைகளுக்கு மேலே அவன் ஆரஞ்சுத் தொப்பி இடது கண்ணில் வந்து விழும்வரை காத்திருந்து, விழுந்த பிறகு, நடக்கலாம் என்று கையை உயர்த்தினாள்.